பஞ்சு தின்ற வண்டி

"திருட்டா, அடிதடியா, ஓடிப்போன கேஸா?" என்று கேட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மோட்டார் சைக்கிளுங்க" என்றாள்.

"மெக்கானிக் கடை கீழ இருக்குதுங்க. இது மாடி."

"மாரப்பண்ணா, சித்த வாயை மூடிட்டு மூணு டீ சொல்லுங்க" என்றார் நிர்மலா மேடம்.

அந்த மாரப்பன் நான்தான். வயது நாற்பது, இடுப்பு நாற்பத்திரண்டு. திருப்பூரில் நிர்மலா துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்குபவர் எல்லாம் நானே. மேடம் முன்பு துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்காகப் பனியன் கம்பெனிகளில் குவாலிட்டி பார்த்தவர். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ண மாட்டார். ஆட்களையும் அப்படித்தான். நான் வேலை கேட்டு வந்த அன்றைக்கு என் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, "ஊட்ல அம்மணி கோவிச்சுட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். உண்மை. அதனால்தான் இந்த அம்மாவிடம் வாலை ஆட்டிக்கொண்டு இருக்கிறேன்.

வந்தவள் பெயர் கோமளா. மண்ணரையில் வீடு, பனியன் கம்பெனியில் டெய்லர். விரல் நகங்களுக்குள் கிரீஸ் ஏறியிருந்தது. டெய்லருக்கு நூல் ஒட்டும், கிரீஸ் எப்படி என்று நான் யோசிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ற ஊட்டுக்காரர் பேரு அருள்செல்வனுங்க. எட்டு வருசத்துக்கு முன்னால ஒரு சாயந்திரம் ஆர்எக்ஸ் வண்டிய எடுத்துட்டுப் போனாரு. விடிஞ்சு பார்த்தா வண்டி குன்னத்தூர்ப் பக்கம் வாய்க்காக் கரைல நிக்குது. பக்கத்துல செருப்பும் சட்டையும் கெடக்குது. தண்ணி நெறையாப் போயிட்டிருந்த சமயமுங்க. தேடித் தேடிப் பார்த்தாங்க. பொணங்கூடக் கெடைக்கலீங்க."

"அன்னைக்கு ஊட்ல ஏதாவது சண்டையா?" என்றார் மேடம்.

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்கு அந்த வண்டி மேல பைத்தியமுங்க. அன்னைக்குப் புது ஏர் ஃபில்டர் மாட்டீட்டு வந்து தொடைச்சுட்டே நின்னாரு. எனக்கு நெருப்பாட்டக் காய்ச்சல். ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னா, 'இருடி, இதை முடிச்சுட்டு'ங்கறாரு. ஆத்தரத்துல 'அந்த வண்டியவே கட்டிக்கிட்டுப் போய்ச் சாவுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். எங்க அத்தை, அவரோட அம்மா பெரியாத்தா, வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, அன்னைலிருந்து எனக்குப் பேரே மாறிப் போச்சு. புருசனத் தின்னவ. கண்ணாலம், காதுகுத்துன்னு எங்க போனாலும் எனக்கு முந்தி அந்தப் பேரு போய் உக்காந்துக்குதுங்க. அடுத்த வாரம் எனக்கு மறு கண்ணாலம் வெச்சிருக்குது. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க. நான் சொன்ன சொல்லாலதான் அவரு செத்தாரா?"

டீ வந்தது. அவள் தொடவில்லை.

போன மாதம் குன்னத்தூர்க் கோயிலில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தபோது, "அவரு நெனப்புக்கு அந்த வண்டியவாவது குடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அருள்செல்வனின் அண்ணன் மகுடேஸ்வரனால் மறுக்க முடியவில்லை. தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது, போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து யாரும் கை வைத்ததில்லை, மூன்று நாள் கழித்து வந்து எடுத்துக்கொள் என்று சொன்னாராம். அதிலிருந்து கோமளா ஷிப்ட் முடிந்து வந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே வண்டியைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

"பிரிக்கப் பிரிக்கச் சந்தேகமா இருக்குதுங்க. எட்டு வருசம் நின்ன வண்டிங்கறாங்க. பிஸ்டன் எறுகிப்போய் இருக்கும்னு வீடியோல சொன்னாங்க. இது எண்ணெ போட்ட கதவாட்ட ஏறி எறங்குதுங்க."

அவள் போன் அடித்தது. "ஆமாங்க... இல்லீங்க... விக்க மாட்டேனுங்க. முடியாதுங்க." வைத்துவிட்டுச் சொன்னாள்: "பூபாலனுங்க. என்னையக் கட்டிக்கப் போறவரு. எங்க கம்பெனில கட்டிங் மாஸ்டர். அந்த இரும்பத் தூக்கி எடைக்குப் போட்டுருங்கன்னு தெனமும் சொல்றாரு."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. என் மனதில் பூபாலனுக்கு அப்போதே விலங்கு மாட்டிவிட்டேன்.

*

மண்ணரையில் லைன் வீட்டின் முன்னறை முழுக்க வண்டிதான். பழைய பனியன் துணியை விரித்து, மேலே நட்டும் போல்ட்டும் வரிசையாக வைத்திருந்தாள். டேங்க்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்தாள். முகம் பார்த்துத் தலை சீவலாம். எனக்கு நம்பிக்கை இல்லாததால் சீவிப் பார்த்தேன்.

"அண்ணா, எட்டு வருசம் கொட்டகைல நின்ன வண்டி எப்படி இருக்கும்?" என்றார் மேடம்.

"என் மாமனாராட்ட இருக்கும். மேலெல்லாம் தூசி, உள்ள எதுவும் வேலை செய்யாது."

"இங்க வந்து விரலை விடுங்க."

இன்ஜினை இன்னும் கோமளா கழுவவில்லை. அதன் மேல்புறம் தூசியும் வைக்கோலும் அப்பிக் கிடந்தன. பக்கவாட்டில் காற்றுப் படுவதற்காக அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்குமே, அந்தச் சந்துக்குள் விரலை விட்டேன். விரல் சுத்தமாக வெளியே வந்தது.

"துணியில தொடைச்சா மேல சுத்தமாகும், சந்துல அழுக்குத் தங்கும். இதுல தலைகீழா இருக்குது. சந்து சுத்தம், மேல அழுக்கு. அப்படின்னா என்னங்ணா?"

"மேல இருக்கறதை யாரோ தூவி விட்டிருக்காங்க."

"அது சரி. சந்து எப்படிச் சுத்தமாச்சு?"

நான் முழித்தேன். கோமளாதான் மெதுவாகச் சொன்னாள். "ஏர் அடிச்சிருக்காங்க."

அட சாமி! எனக்கு ஏன் தோன்றவில்லை? நானே மூன்று வருடம் நிட்டிங் யூனிட்டில் குப்பை கொட்டியவன். பனியன் துணி பின்னுகிற அந்த மிசின்களிலிருந்து பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்தால் கம்ப்ரசர் டியூபை எடுத்துக் காற்று அடிப்போம். முதலில் மிசினுக்கு, அப்புறம் தலைக்கு, சட்டைக்கு, காதுக்கு, கடைசியில் வாசலில் நிற்கிற சைக்கிளுக்கு. யாரும் சொல்லிச் செய்வதில்லை, கை தானாகப் போகும். மாட்டுக் கொட்டகையில் எந்த மாட்டுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

"இந்த வண்டி நின்னது நிட்டிங் யூனிட்ல" என்றார் மேடம். "குடுக்கறதுக்கு முன்னால மூணு நாள் டைம் கேட்டது, கொட்டகைக்குக் கொண்டு போய் வைக்கோல் தூவறதுக்கு. வழக்கம்போல ஏர் அடிச்சுச் சுத்தம் பண்ணித்தான் அனுப்பியிருக்காங்க. அது பழக்கதோசம். சரி, இந்த ஏர் ஃபில்டர் டப்பாவைத் தொறந்தீங்களா?"

"இல்லீங்க. புதுசுதானேன்னு வெச்சுட்டேன். அவரு போன அன்னைக்கு மாட்டினது."

திறந்தோம். உள்ளே இருந்த ஸ்பாஞ்சின் மேல் தடித்த கம்பளி மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தது. மேடம் பிளேடு வாங்கி நடுவில் கீறினார். உள்ளே நீலம், அதன் மேல் ஆரஞ்சு, அதன் மேல் பச்சை, அப்புறம் மறுபடி நீலம் என்று அடுக்கு அடுக்காக இருந்தது.

"வெள்ளைத் துணி ஓட்டற யூனிட்னா வெள்ளைப் பஞ்சு. இது கலர் நூல் போட்டுக் கோடு ஓட்டற யூனிட். ஆர்டர் மாற மாற கலர் மாறியிருக்குது. எத்தனை ஆர்டர் பாருங்க!"

"எங்க மச்சாண்டார்க்கு, அவரோட அண்ணனுக்கு, முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல யூனிட் இருக்குதுங்க" என்றாள் கோமளா. "கோடு துணிதானுங்க ஓட்டறாங்க."

"நிக்கற வண்டி மூச்சு விடாது, கோமளா. இன்ஜின் ஓடினாத்தான் காத்தை இழுக்கும், பஞ்சும் உள்ள போகும். அந்த யூனிட்டுக்குள்ள வெச்சே யாரோ இதை ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா. நிட்டிங் மிசின் ஓடற சத்தத்துல வெளிய யாருக்கும் கேக்காது."

கோமளா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரோட்டில் ஓட்ட முடியாத ஒரு வண்டியை, எதற்காக ஒருவன் பூட்டிய கட்டடத்துக்குள் வைத்து உயிரோடு காப்பாற்ற வேண்டும்?

"மேடம், இது அந்தப் பூபாலன் வேலைதான்" என்று காதோரம் சொன்னேன். "கட்டிங் மாஸ்டர். அவன் மேலயும் பஞ்சு இருக்கும்."

"கட்டிங் டேபிள்ல துணி இருக்கும், நூல் பஞ்சு எப்படிங்ணா பறக்கும்? அவரைப் பிடிச்சு உள்ள போடறதுக்கு உங்களுக்கு ஏன் இத்தனை ஆசை?"

"விக்கச் சொல்றானே!"

மேடம் குனிந்து வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் வைக்கிற கம்பி பின்பக்கமாக வளைந்திருந்தது. "கரைல கொண்டு போய் நிறுத்தி வெச்ச வண்டிக்கு இது ஏன் வளையணும்?" என்றார். வெளியே போய், ரிட்டையர் ஆன ஏட்டு ஒருவருக்குப் போன் போட்டார். எட்டு வருடத்துக்கு முன் குன்னத்தூர் ரோட்டில் அந்தச் சாயந்திரம் ஏதாவது விபத்து நடந்ததா என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

*

"நேரா அந்த யூனிட்டுக்குள்ள போய்ப் பார்த்துருவோம்" என்றேன்.

"போனா, உசுரோட ஒளிச்சு வெச்சிருக்கற தம்பிய அவரு காட்டுவாரா? கேட்டிலேயே டீ குடுத்து அனுப்பிச்சிருவாரு. அந்த ஆளு தானா வெளிய வரணும். வண்டிக்காகப் பொண்டாட்டி காய்ச்சலையே மறந்தவரு. அவரை எதுக்காக வர வைக்கலாம்னு யோசிங்க."

யோசித்தது மேடம்தான். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் முதலிபாளையத்துக்கு எப்போது என்று விசாரித்தார். அன்றைக்கு மிசின் ஓடாது. வெளியே விழுகிற சத்தம் உள்ளே கேட்கும்.

அதற்குள் கோமளா வண்டியை முழுதாகக் கோத்துவிட்டாள். அதைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். எஸ்டேட்டில் மிசின் சத்தம் இல்லாமல் காதே அடைத்தது. யூனிட் படியில் பீகார்ப் பையன்கள் நாலைந்து பேர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்கு எதிரே வண்டியை இறக்கினேன். மேடமும் கோமளாவும் குட்டியானைக்குள் இருந்தார்கள்.

"எப்படியெல்லாம் உதைக்கக் கூடாதோ அப்படியெல்லாம் உதைங்க" என்றார் மேடம்.

"அதுக்கு எனக்குப் பயிற்சியே வேண்டாமுங்க."

சோக்கை இழுத்தேன். ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தேன். வண்டி இருமியது. மறுபடி முறுக்கி மறுபடி உதைத்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பையன்கள் சிரித்தார்கள். "சாச்சா, தக்கா மாரோ!" என்று ஒருவன் தள்ளச் சொன்னான். சாச்சாவுக்கு ஏற்கனவே மூச்சு வாங்கியது.

கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். மகுடேஸ்வரன். "ஏனுங்க, இங்க என்னங்க சோலி உங்களுக்கு?"

"வண்டி நின்னு போச்சுங்க."

அவர் கண் நம்பர் பிளேட்டில் விழுந்தது. முகம் சுருங்கியது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "சரிங்க. அப்படியே தள்ளீட்டுப் போயிருங்க. கை கால் நல்லா இருக்கறப்பவே போயிட்டா உங்களுக்கும் நல்லதுங்க, எனக்கும் நல்லதுங்க."

எங்கள் ஊரில் காலை ஒடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் ஒடிப்பார்கள். பயத்தில் எனக்கு முதுகு வேர்த்தது. ஆனாலும் மேடத்துக்குப் பயப்படுவது அதைவிடப் பழகிப்போன பயம். ஆக்சிலேட்டரை முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டேன்.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏனுங்க! அந்த வண்டிய ஏனுங்க இப்படிப் போட்டுச் சாவடிக்கறீங்க? சோக்க மூடுங்க மொதல்ல! முறுக்காதீங்க, பிளக்கு நனைஞ்சு போச்சு பாருங்க!"

குட்டியானையின் கதவு திறந்தது. கோமளா இறங்கி நின்றாள். அவள் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் குரலே அவளுக்குப் போதும்.

"டேய், உள்ள போடா!" என்று கத்தினார் மகுடேஸ்வரன். 'ங்க' போன இடம் தெரியவில்லை.

அந்த ஆள் அதற்குள் படியிறங்கி ஓடி வந்துவிட்டான். தாடி, தொப்பை, தலை முழுக்கப் பஞ்சு. "மணி மாஸ்டர், க்யா ஹுவா?" என்று பதறிக் கேட்டபடி பையன்கள் எழுந்தார்கள். இங்கே அவனுக்கு மணி என்று பெயர் போலிருக்கிறது. அண்ணனைத் தாண்டினான், நின்றுகொண்டிருந்த கோமளாவையும் தாண்டினான். நேராக வண்டியிடம் வந்து குந்தினான். வண்டியின் டூல் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, பிளக்கைக் கழற்றி, லுங்கி முனையில் துடைத்து மாட்டினான். டேங்க்கைத் தடவிப் பார்த்தான்.

"பெயிண்ட் யாருங்க அடிச்சது? நல்லா வந்திருக்குதே!"

"நான்தானுங்க" என்றாள் கோமளா.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். ஸ்பானர் கையை விட்டு விழுந்தது. செத்துப்போனவன் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் முகம் எப்படிப் போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"கோமு... நான்... அன்னைக்கு இருட்டுல ஒரு ஆள இடிச்சுப்போட்டேன். நிக்காம வந்துட்டேன். அண்ணந்தான், அந்த ஆளு செத்துட்டான், போலீசு தேடும், நீயும் செத்த மாதிரியே இருந்துக்கன்னு..."

"யாரு செத்தது? பேரென்ன?" மேடம் நடுவில் வந்து நின்றார்.

"தெரியாதுங்க."

"எட்டு வருசமா விசாரிக்கவே இல்லையா?"

"அண்ணன் சொன்னாருங்க."

"அந்த ஆளு பேரு ராக்கையா. காலு ஒடஞ்சுது, ஆஸ்பத்திரில இருந்து நடந்து வெளிய வந்தாரு. இன்னைக்கும் குன்னத்தூர்ச் சந்தைல வெங்காயம் விக்கறாரு. நேத்து அவர்கிட்டத்தான் நான் ரெண்டு கிலோ வாங்கினேன்." மேடம் மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்கு இது மொதல் வாரமே தெரியுமுங்க. உங்களுக்கு மட்டும் சொல்லலை. உசுரோட இருக்கற தம்பிக்குத் தோட்டத்துல பாதி குடுக்கணுமே. செத்தவனா இருந்தா மிசின் ஓட்டறதுக்கு ஒரு ஆளும் ஆச்சு. ஏனுங்க, நான் சொல்றது சரிங்களா?"

"அண்ணா?" என்றான் அருள்செல்வன். "நெசமாண்ணா?"

மகுடேஸ்வரன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அது கையிலேயேதான் இருந்தது.

கோமளாவுக்கு இதெல்லாம் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. புருசனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்ப, நான் சொன்ன சொல்லுக்காக நீங்க போகலீங்களா?"

"எந்தச் சொல்லு?"

"போய்ச் சாவுங்கன்னு சொன்னேனே."

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "எப்பச் சொன்னே? எனக்கு ஞாபகமே இல்லையே, கோமு."

எனக்கு அவனைப் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஒருத்தி எட்டு வருடமாகத் தூங்காமல் சுமந்த சொல், இந்தப் பாவிக்கு ஞாபகத்திலேயே இல்லை! கோமளா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சோக்கை மூடினாள், ஒரே உதை. கட்டடம் அதிர வண்டி உயிர் பிடித்தது.

"பின்னால ஏறுங்க" என்றாள்.

"எங்க? குடு, நான் ஓட்டறேன்."

"நான் பிரிச்சு நான் கோத்த வண்டி. நான்தான் ஓட்டுவேன். குன்னத்தூருக்குப் போறோம். உங்களைப் பெத்தவிய அங்கதான இருக்காங்க. ஏறுங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் ஏறினான்.

*

குட்டியானையில் மேடமும் நானும் பின்னால். முன்னால் ஆர்எக்ஸ் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பறந்தது. அதன் பின்சீட்டில் செத்தவன் உட்கார்ந்திருந்தான்.

"அருளோட அம்மா மொதல்ல என்ன சொல்றாங்கன்னு மட்டும் கவனிங்ணா" என்றார் மேடம்.

"யாரு, பெரியாத்தாளா? மகனைப் பார்த்ததும் மயங்கி விழுந்துருவாங்க, வேற என்ன? தண்ணி பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன்."

குன்னத்தூர்ச் சந்தை வழியாகத்தான் கோமளா போனாள். சுற்றிப் போக வேறு வழி இருந்தது, வேண்டுமென்றேதான் போனாள். தக்காளிக் கூடைக்குப் பின்னால் இருந்த ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, அது நம்ம அருளு இல்லீங்க?" என்று ஒரு பெண்குரல் அலறியது. தோட்டத்து வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது பின்னாலேயே பாதிச் சந்தை வந்துவிட்டது. மகுடேஸ்வரனின் காரும் வந்து தூரத்தில் நின்றது. அவர் இறங்கவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியாத்தாள் வெளியே வந்தார். முதலில் கோமளாவைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "புருசனத் தின்னவளே, இங்க எதுக்குடி..."

பின்னாலிருந்து அருள்செல்வன் இறங்கினான். "அம்மா" என்றான்.

நான் பாட்டில் மூடியைத் திருகித் தயாராக நின்றேன். அந்தம்மா மயங்கவில்லை. "ஐயோ சாமி"யும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஓடி வந்து மகன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"பகல்ல ஏன்டா வெளிய வந்தே? உள்ள போடா, யாராச்சும் பார்த்தரப் போறாங்க!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன பிறகுதான் பெரியாத்தாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கை அப்படியே நின்றது. உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தே வருடா வருடம் மகனுக்குத் திதி கொடுத்த அம்மா. அது முடிந்ததும் வாசலில் நின்று மருமகளைச் சபித்த அம்மா. திருகிய பாட்டிலை நானே குடித்துவிட்டேன்.

கோமளா வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் மாமியாருக்கு எதிரே போய் நின்று, சாதாரணக் குரலில்தான் கேட்டாள்.

"அத்தே, எட்டு வருசமா என்னைய ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களே. இப்ப வாய்ல வந்ததே, அது. பாதியில நிறுத்திப்போட்டீங்க. முழுசாக் கூப்பிடுங்க."

பெரியாத்தாளுக்கு உதடு மட்டும் ஆடியது.

"கூப்பிடுங்கத்தே. உங்க மகனும் இருக்காரு. ஊரும் இருக்குது. ஒருக்காக் கூப்பிடுங்க."

பெரியாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். மருமகள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. கூட்டத்தில் ஒரு பெண், "இந்தப் புள்ளய என்ன பாடு படுத்துனாங்க, சண்டாளி!" என்று சத்தமாகவே சொன்னாள். இத்தனை வருடம் எந்த விசேசத்திலும் கோமளா பக்கத்தில் உட்காராதவளாகத்தான் அவளும் இருப்பாள்.

மேடம் வரச்சொல்லியிருந்த குன்னத்தூர் ஸ்டேஷன் ஏட்டு வந்து, அருள்செல்வனைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். போகும்போது அவன் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மகுடேஸ்வரனையும் வரச்சொல்லி ஏட்டு கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

கோமளா தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்து போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"பூபாலனுங்களா? மண்டபத்த வேண்டாம்னு சொல்லீருங்க. அவரு உசுரோடதான் இருக்காரு. சட்டப்படி நான் இன்னும் அவரு சம்சாரந்தானாமுங்க."

எனக்குக் கோமளாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பழி போன அதே நேரத்தில் கல்யாணமும் போயிற்றே!

"அப்ப அவரைக் கொன்னது நீங்க இல்லீன்னு ஆயிருச்சுங்களா?" என்றது போன்.

"ஆமாங்க."

"அப்பாடா! அந்த வண்டி முன்னால உக்காந்து நீங்க தெனமும் அழுகறதப் பார்க்க முடியாமத்தானுங்க, வித்துருங்கன்னு சொல்லிட்டிருந்தேன். எனக்கு ஒரு வக்கீலைத் தெரியுமுங்க. நாளைக்கு லீவு சொல்லீட்டு நானும் கூட வரட்டுங்களா?"

கோமளா போனை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நான் பதறிப்போய் ஓடினேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"அழட்டும் விடுங்ணா. இத்தனை நாளா இந்த ஊர்ல அவளை அழக்கூட விடலை."

விட்டோம். போனில் பூபாலன், "இருக்கீங்களா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் குனிந்து எடுத்து, "இருக்காங்க, வெச்சராதீங்க" என்று சொன்னேன்.